குறை காண முடியாத தேர்வு

தேர்வு எழுதியவருக்கு விடைத்தாளைக் காட்டுவது நாகரிகம் அறியாத காலத்து வழக்கம். நம் ஊரில் அது இன்னும் ஒழிந்தபாடில்லை. பிளஸ் டூ முடிவு வந்ததுமே விடைத்தாள் நகலுக்கு ஒரு கூட்டம், மறுகூட்டலுக்கு ஒரு கூட்டம், மறுமதிப்பீட்டுக்கு ஒரு கூட்டம் என்று பிள்ளைகளும் பெற்றோரும் கிளம்பிவிடுகிறார்கள். நகல் கைக்கு வந்தால் போதும், "இந்தக் கணக்குக்கு மூணு மார்க் போட்டிருக்கணுமே, ரெண்டுதானே போட்டிருக்காங்க" என்று திருத்திய ஆசிரியரையே திருத்தத் தொடங்குகிறார்கள். ஜேஇஇ, நீட் கதை இன்னும் மோசம். உத்தேச விடைக்குறிப்பை இணையத்தில் போட்டுவிட்டு, "தவறு இருந்தால் கட்டணம் கட்டிச் சொல்லுங்கள்" என்று தேர்வு நடத்துகிறவர்களே மாணவர்கள் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். எடை போடுகிறவர், எடைக்கு நிற்கிறவரிடம் தராசைக் காட்டிக்கொண்டிருந்தால் அப்புறம் மரியாதை ஏது?

இந்தச் சிறுமையிலிருந்து தேர்வுலகைக் கைதூக்கிவிட்ட பெருமை, அமெரிக்காவில் உருவான அடாப்டிவ் தேர்வுகளுக்கே உரியது. எழுதுகிறவரின் திறமைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் கணினித் தேர்வு இது. மேலாண்மைப் படிப்புக்கு ஜிமேட், முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு ஜிஆர்இ, இப்போது இளங்கலைக்கு எஸ்ஏடி. சென்னையிலும் கோவையிலும் விமானம் ஏறத் துடிக்கும் பிள்ளைகள் பலரும் இந்த வாசல்களில் ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே மதிப்பெண் பிறக்கும் விதத்தை யாரும் வாயாரப் புகழ்ந்ததாகத் தெரியவில்லை. அந்த நன்றிக்கடனைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் அதன் ஞானம். பழைய தேர்வுகள் எல்லாருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தன. எத்தனை சரி என்று எண்ணின. எண்ணி வந்ததையே மதிப்பெண் என்று சொல்லின. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடுகிற கூட்டல் கணக்கில் என்ன கம்பீரம் இருக்க முடியும்? அடாப்டிவ் தேர்வு நடுத்தரமான கேள்வி ஒன்றோடு தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்தது சற்றுக் கடினம். தவறினால் அடுத்தது சற்றுச் சுலபம். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் "இந்த ஆளின் திறமை இவ்வளவு இருக்கும்" என்ற தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கணிப்பை மேலும் கூர்மையாக்க எந்தக் கேள்வி உதவுமோ, அதைக் கிடங்கிலிருந்து தேடி எடுத்துத் திரையில் வைக்கும்.

இதன் பின்னால் இருப்பது எளிய கூட்டல் அல்ல. டென்மார்க் நாட்டுக் கணிதவியலர் கியார்க் ராஷ் 1960இல் வெளியிட்ட நூலும், ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனத்தில் ஃபிரெடரிக் லார்ட் நெடுங்காலம் செய்த ஆய்வும் இட்ட அடித்தளம் அது. அந்தக் கணக்கின் வளர்ந்த வடிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று குணங்கள் உண்டு. எவ்வளவு கடினம் என்பது ஒன்று. தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கும் என்பது இரண்டு. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் தொட்டாலும் சரியாக அமைய எவ்வளவு வாய்ப்பு என்பது மூன்று.

என் மனத்தைக் கொள்ளைகொண்டது அந்த மூன்றாவது குணம்தான். சுலபமான கேள்விகளில் சறுக்கிய ஒருவர், கடினமான கேள்வி ஒன்றுக்குச் சரியான விடை சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலத்து வாத்தியாராக இருந்தால் "பரவாயில்லையே, பயலுக்கு விஷயம் இருக்கு!" என்று நெகிழ்ந்துபோய் ஏமாந்திருப்பார். இந்தக் கணக்கு ஏமாறாது. "உனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லையே" என்று யோசித்து, அந்த விடைக்கான மதிப்பைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் ஒரே எண்ணிக்கையில் சரியாகச் சொன்ன இரண்டு பேருக்கு இரண்டு விதமான மதிப்பெண் வரலாம். வியர்த்து விறுவிறுத்துக் கண்டுபிடித்த விடைக்கும் விரல் தவறிப் பட்ட விடைக்கும் உள்ள வேறுபாட்டை, அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுகிற நுட்பம் எந்த மனிதருக்கு வாய்க்கும்?

அடுத்து அதன் சமத்துவம். கேள்விக்குக் கேள்வி மாறும் அடாப்டிவ் தேர்வில், கேள்விக் கிடங்கு போதிய அளவு நிறைந்திருந்தால், கெட்டிக்காரரும் சுமாரானவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் தவறு செய்வார்கள். ஒருவர் எவ்வளவு உயரம் தாண்டுவார் என்று தெரிந்ததும், அவர் பாதிக்குப் பாதி இடறி விழக்கூடிய உயரத்திலேயே தடியை வைத்துக்கொண்டிருப்பதுதான் இந்த முறையின் அடிப்படை. பள்ளி வாழ்க்கை முழுவதும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும், எழுபதைத் தாண்டாத பிள்ளையும் ஒரே முகவாட்டத்தோடு வெளியே வருகிற அதிசயத்தை இங்கேதான் பார்க்கலாம். நாடாளுமன்றங்கள் சட்டம் போட்டும் கொண்டுவர முடியாத சமத்துவத்தை, குறைந்தபட்சம் மனச்சோர்வு என்ற ஒரு துறையிலாவது, இந்தத் தேர்வு சாதித்துவிட்டது.

சுலபமான கேள்வியைப் பார்த்து மாணவர் கலங்கும் காட்சியையும் தேர்வு வரலாற்றில் முதன்முதலாக அரங்கேற்றியது இதுதான். நேற்றுவரை தேர்வறையில் எளிய கேள்வி வந்தால் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். இங்கே எளிய கேள்வி வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. "இது இவ்வளவு சுலபமா இருக்கே, அப்ப முந்தினது தப்பாயிடுச்சோ?" கேள்விக்கு விடை தேடுவதோடு, அந்தக் கேள்வி ஏன் தனக்கு வந்தது என்பதற்கும் விடை தேட வேண்டும். ஒரே கட்டணத்தில் இரண்டு தேர்வுகள்.

இந்த இரண்டாவது தேர்வை இன்னும் சுவையாக்க ஓர் ஏற்பாடும் உண்டு. வரும் கேள்விகள் எல்லாமே மதிப்பெண்ணுக்கானவை அல்ல. சில கேள்விகள் வெள்ளோட்டத்துக்கு வந்தவை. நாளைக்கு யாரோ எழுதப்போகும் தேர்வுக்காக, அவற்றின் கடினத்தை அளந்துபார்க்க, இன்றைக்கு எழுதுகிறவரின் மூளை இரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எஸ்ஏடியில் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு, ஜிமேட்டில் ஆங்காங்கே சில. எவை என்று சொல்வதில்லை. எனவே, திடீரென்று வந்த சுலபமான கேள்வி, சரிவின் அறிகுறியாகவும் இருக்கலாம், வெள்ளோட்டமாகவும் இருக்கலாம். உலகில் எந்தத் தொழிற்சாலையும் தன் சரக்கைச் சோதித்துப் பார்க்கிறவருக்குக் கூலி கொடுக்கும். சோதித்துத் தருகிறவரிடமே காசு வாங்கும் பெருந்தன்மை கல்வித்துறைக்கு மட்டும்தான் கைகூடியிருக்கிறது.

மன உறுதியை வளர்ப்பதிலும் இதற்கு ஈடில்லை. ஜிமேட் 1997இல் அடாப்டிவ் தேர்வாக மாறியது. அதிலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாக, விடையை உறுதிசெய்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் போனதுதான். திரும்பிப் பார்க்க முடியாது, தாண்டிப் போகவும் முடியாது. எட்டாவது கேள்வியில் கூட்டல் குறியைக் கழித்தல் என்று படித்துவிட்டோம் என்பது பத்தாவது கேள்வியில் பளிச்சென்று விளங்கும். விளங்கி என்ன? செய்த பிழையைத் தெரிந்துகொண்டே, திருத்த வழியில்லாமல், மீதித் தேர்வை எழுதி முடிக்கும் பக்குவத்தைப் பிள்ளைகள் இருபத்து மூன்று வயதிலேயே அடைந்தார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் கருணை கொஞ்சம் பெருகியிருக்கிறது. ஒரு பகுதியின் எல்லாக் கேள்விகளையும் முடித்து நேரமும் மிச்சமிருந்தால், அந்தப் பகுதியில் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். நான்காவது பிழையைக் கண்டுபிடித்தவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம்.

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது நேர்மை என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மூடநம்பிக்கையையும் ஜிமேட் போக்கியிருக்கிறது. ஒரு பகுதியை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் வெட்டப்படும். ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் நான்கு கேள்விகள் மிச்சமிருந்தால், படிக்காமலேயே விடையைத் தட்டிவிட்டுப் போவதுதான் விவேகம் என்று கோச்சிங் சென்டர்களில் பாடமே நடக்கிறது. நாளைக்குப் பெரிய நிறுவனங்களின் நிர்வாகப் பொறுப்புக்குப் போகிறவர்கள், விஷயம் தெரியாமலே உரிய நேரத்தில் முடிவெடுக்கும் பழக்கத்தை நுழைவுத் தேர்விலேயே கற்றுக்கொள்கிறார்கள். பாடத்திட்டம் இதைவிடப் பொருத்தமாக அமைய முடியாது.

ஜிஆர்இ இந்த விஷயத்தில் தாராள மனம் கொண்டது. 1993இல் கேள்விக்குக் கேள்வி மாறும் வடிவம் எடுத்த அது, 2011இல் பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்கு வந்தது. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விட்டதைத் திரும்ப வந்து எழுதலாம், தவறான விடைக்குக் குறைப்பும் கிடையாது. இப்போதைய வடிவத்தில் மொழித்திறனுக்கும் கணிதத்துக்கும் முதல் பகுதியில் 12 கேள்விகள், இரண்டாம் பகுதியில் 15. முதல் பன்னிரண்டை எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து, அடுத்த பதினைந்தின் கடினம் தீர்மானமாகும். 2023இல் இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறிய எஸ்ஏடியும் இதே வழியில் வந்த வாரிசுதான்.

இதன் அழகை விளங்கிக்கொள்ள அனுபவசாலியான ஜவுளிக்கடை விற்பனையாளரை நினைத்துக்கொண்டால் போதும். படியேறி வருகிறவரின் செருப்பையும் கைப்பையையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவாகிவிடும். நூல் சேலை அலமாரி திறந்தவருக்கு, அங்கே இருப்பதிலேயே சிறந்ததை எடுத்தாலும், மாடியில் பட்டு இருக்கிற விஷயம் தெரியப்போவதில்லை. அப்படித்தான், முதல் பகுதியில் தடுமாறி எளிய இரண்டாம் பகுதிக்குப் போனவர் அங்கே அத்தனையும் சரியாகச் செய்தாலும் உச்ச மதிப்பெண்ணைத் தொட முடியாது. காலையில் சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும் மூளைகள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுக்கு அநாவசிய நம்பிக்கை கொடுக்காமல், முதல் இருபது நிமிடத்திலேயே மேல்மாடிக் கதவைச் சாத்திவிடுவது எவ்வளவு பெரிய உபகாரம்! சாத்தும் ஓசை கேட்காது என்பது அதைவிடப் பெரிய உபகாரம். எத்தனை சரியானால் எந்த அலமாரி திறக்கும் என்ற கணக்கைக் கடைக்காரரும் சொல்வதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

மதிப்பெண் வெளியாகும் தருணத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஜிமேட்டிலும் ஜிஆர்இயிலும் தேர்வு முடிந்ததும் திரையிலேயே எண் வந்துவிடும். வீட்டுக்குத் தொலைபேசி போகும்.

"எத்தனை கேள்விப்பா சரி?"

"தெரியலம்மா."

"எத்தனை தப்பு?"

"அதுவும் தெரியலம்மா."

"அப்ப மார்க்கு எப்படிப்பா வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் சொல்லுச்சும்மா."

அந்த அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை என்றால், அதற்குப் பெயர்தான் நவீன அறிவியலின் மீது பொதுமக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. பின்னால் வரும் விரிவான அறிக்கையில் எந்த வகைக் கேள்வியில் தடுமாறினீர்கள், எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள் என்றுகூடச் சில தேர்வுகள் சொல்லும். கேள்வி என்ன என்பதை மட்டும் சொல்லாது. "நீ வழியில் விழுந்தாய், எட்டு இடத்தில் விழுந்தாய், எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆனது" என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்லிவிட்டு, எந்த வழி என்பதை மறைத்துவிட்டால், மறுமுறை விழாமல் நடக்க எதைப் படிப்பது என்ற கவலையே மாணவருக்கு இருக்காது.

அந்த எண்ணின் அழகையும் பார்க்க வேண்டும். புதிய ஜிமேட்டின் மொத்த மதிப்பெண் 205இல் தொடங்கி 805 வரை, பத்துப் பத்தாக ஏறுகிறது. எல்லா எண்ணும் ஐந்தில்தான் முடியும். பழைய 200–800 அளவோடு குழம்பிவிடக் கூடாதே என்பதற்காக இந்த அலங்காரம். பழைய 700க்கு நிகரான இடம் இப்போது சுமார் 645. எழுநூறு வாங்கியவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட அண்ணனுக்குப் பக்கத்தில், அதே திறமையுள்ள தம்பி அறுநூற்று நாற்பத்தைந்தோடு நிற்கிறான். ஜிஆர்இயும் 2011இல் 200–800 அளவைக் கைவிட்டு 130–170க்கு மாறியபோது, கணிதத்தில் பழைய முழு மதிப்பெண்ணான 800, புதிய அளவில் 166 ஆயிற்று. நேற்று வானத்தைத் தொட்டவர் இன்று நான்கு படி கீழே நிற்கிறார், ஒரு கணக்கையும் மறக்காமலே. ரூபாய் மதிப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கியைக் கேட்கலாம். மூளையின் மதிப்பு குறைந்தால் யாரைக் கேட்பது என்ற சங்கடத்தை, ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை வெளியிட்டு அவர்களே தீர்த்துவைத்தார்கள்.

அடக்கத்துக்கும் இவர்களை விஞ்ச ஆள் கிடையாது. அடாப்டிவ் கணக்கின் பெரிய சிறப்பே, தன் கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதையும் அது கூடவே கணக்கிட்டுக்கொண்டு போவதுதான். ஜிமேட் மொத்த மதிப்பெண்ணில் இந்தப் பிசகு சுமார் 30 புள்ளி, ஜிஆர்இயின் ஒரு பிரிவில் சுமார் இரண்டு புள்ளி. அதாவது புதிதாக ஒன்றும் படிக்காமல், ஒன்றையும் மறக்காமல் அதே ஆள் மறுபடி உட்கார்ந்தால் எண் இவ்வளவு தள்ளிப் போகலாம். இந்த உண்மையை அவர்கள் மறைக்கவில்லை. தங்கள் கையேடுகளில் முறையாக அச்சிட்டிருக்கிறார்கள். ஜிஆர்இ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கட்-ஆஃப் போடாதீர்கள் என்று இடிஎஸ் பல்கலைக்கழகங்களுக்கு எழுத்திலேயே அறிவுரை சொல்லியிருக்கிறது. சொன்ன பிறகு, மதிப்பெண் அறிக்கையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒற்றை எண்ணைப் போட்டு அனுப்பிவைக்கிறது. ஜிமேட்டில் 635க்கும் 655க்கும் நடுவே உள்ள வேறுபாடு அளவுகோலின் நடுக்கமாகவும் இருக்கலாம் என்பதைக் கையேட்டின் பின்பக்கங்களைத் தேடிப் படிக்கிறவர்கள் அறிவார்கள். தேடிப் படிக்க நேரமில்லாதவர்கள் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குத் தேர்வு என்ன செய்யும்?

மதிப்பெண் கணக்கைப் பற்றிய இந்த மௌனத்தால் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். முதல் பத்துக் கேள்விகளில்தான் எல்லாமே இருக்கிறது, அங்கேயே பாதி நேரத்தைச் செலவிடு என்று ஒரு கோச்சிங் சென்டர் சொல்கிறது. அதெல்லாம் பொய், எல்லாக் கேள்வியும் சமம் என்று எதிர்ச்சாரியில் இருப்பது சொல்கிறது. தொடர்ந்து மூன்று தப்பானால்தான் ஆபத்து என்பது மூன்றாவதன் சித்தாந்தம். முதல் விடைகளில் கணிப்பு கூடுதலாக ஆடும், போகப்போக நிலைகொள்ளும், ஆனால் இறுதி மதிப்பெண் எல்லா விடைகளையும் சேர்த்துத்தான் கணக்காகிறது என்று ஜிமேட்டை நடத்துகிறவர்கள் பலமுறை விளக்கியும் வதந்திகள் ஓயவில்லை. எப்படி ஓயும்? கண்ணால் பார்க்கக்கூடிய வினாத்தாளைச் சுற்றி ஆராய்ச்சிதான் வளரும். பார்க்கவே முடியாததைச் சுற்றித்தான் சம்பிரதாயங்கள் வளரும். சம்பிரதாயம் வளர்ந்தால் அதை ஓதிவைக்க ஆள் வேண்டும், அவர்களுக்குத் தட்சிணையும் வேண்டும்.

இந்த ரகசியத்தைக் காக்கத் தேர்வு நடத்துகிறவர்கள் காட்டும் வீரமும் சாதாரணமானதல்ல. 1994இல், ஜிஆர்இ கணினிக்கு வந்த புதிதில், கேப்லான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வெழுத அனுப்பியது. அவர்கள் கேள்விகளை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து எழுதிப் பார்த்தபோது, அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதும், கிடங்கு அவ்வளவு ஆழமில்லை என்பதும் தெரிந்துபோயிற்று. கேப்லான் இதை இடிஎஸ்ஸிடமே போய்ச் சொன்னது. இடிஎஸ் தேர்வைச் சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது, அப்புறம் கேப்லான் மீது வழக்குப் போட்டது. உங்கள் வீட்டுப் பூட்டு திறந்திருக்கிறது என்று வந்து சொன்னவரை முதலில் போலீசில் ஒப்படைப்பதுதானே முறை? அதன் பிறகு பூட்டு பெரிதானது. கிடங்கு வளர்ந்தது. ஒரே கேள்வி அடிக்கடி தலைகாட்டாமல் தடுக்கும் கணக்குகள் சேர்ந்தன. தேர்வெழுதுகிறவர், பார்த்த கேள்வியை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளேயே நுழைய வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பனிடம் "அந்த ரயில் கணக்குக்கு என்ன விடை போட்ட?" என்று கேட்கும் இன்பம்கூட ஒழுங்குமீறல்.

இவ்வளவு கட்டுக்காவலும் எதற்காக என்று அறியாதவர்கள் குறை சொல்வார்கள். அறிய வேண்டுமானால், காவல் இல்லாத காலத்தில் நேர்ந்த அவமானங்களை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1979இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. நுழைவுத் தேர்வு நடத்துகிறவர்கள், தேர்வு முடிந்த பிறகு கேள்விகளையும் விடைகளையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றது அது. மாணவர்கள் வினாத்தாளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கிய அந்தக் கெட்ட காலத்தில் நடந்ததுதான் பிரமிடு விவகாரம்.

எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக 1980 அக்டோபரில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் ஒரு கேள்வி. நான்கு முகங்களும் சமபக்க முக்கோணமான ஒரு பிரமிடு. சதுர அடித்தளமும் நான்கு சமபக்க முக்கோண முகங்களும் உள்ள இன்னொரு பிரமிடு. முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு. இரண்டையும் முக்கோண முகத்தோடு முக்கோண முகமாக ஒட்டினால், வெளியே எத்தனை முகங்கள்? நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டி மறைந்த இரண்டைக் கழித்தால் ஏழு. இடிஎஸ் வைத்திருந்த விடையும் ஏழுதான். புளோரிடா மாணவர் ஒருவர் ஐந்து என்று வாதாடினார். ஒட்டிய பிறகு இரு புறமும் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரே தளத்தில் படிந்து, இரண்டு இரண்டாகச் சேர்ந்து, ஒவ்வொரு முகமாகிவிடுகின்றன. அவர் சொன்னதே சரி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்ணை 1981இல் உயர்த்த நேர்ந்தது.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 1982 மே மாத எஸ்ஏடியில் இன்னொன்று. ஒரு சிறிய வட்டம், தன்னைவிட மூன்று மடங்கு ஆரமுள்ள பெரிய வட்டத்தின் மேல் வழுக்காமல் உருண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர எத்தனை முறை சுழலும்? மூன்று என்பது தேர்வு வைத்த விடை. உண்மையில் நான்கு. கொடுத்த ஐந்து தெரிவுகளில் நான்கு இல்லவே இல்லை. மூன்று மாணவர்கள் எழுதிக் காட்டினார்கள், கேள்வியே கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. கேள்வி எழுதிய நிபுணர்களும் சரிபார்த்த நிபுணர்களும் அமைதியாக இருக்க, பள்ளிப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். காட்டியதால்தானே இந்த வினை?

அடாப்டிவ் தேர்வில் காட்ட முடியாது. காட்டக் கூடாது என்ற பிடிவாதம் அல்ல, கணக்கே இடம் தராது. ஒவ்வொரு கேள்வியும் முன்கூட்டி வெள்ளோட்டம் விட்டு, எடை போட்டு, கிடங்கில் சேர்த்து, பலருக்கும் திரும்பத் திரும்பப் பரிமாறப்படுகிறது. ஒரு தடவை வெளியே தெரிந்தால் அது பாழ். காகித எஸ்ஏடி காலத்தில், சில தேர்வு நாட்களின் வினாத்தாளை மாணவர்கள் கட்டணம் செலுத்தித் திரும்பப் பெறும் வசதி இருந்தது. தேர்வு கணினிக்கு வந்ததும் அந்த வசதி விடைபெற்றது. ஜிஆர்இயிலும் கட்டுரைப் பகுதிக்கு மறுமதிப்பீடு கேட்கலாம், மொழித்திறனுக்கும் கணிதத்துக்கும் கேட்க முடியாது. மனிதர் கைபட்ட இடத்தில் தவறு நேரலாம் என்பதால் அந்தச் சலுகை. இயந்திரம் தொட்ட இடத்தில் சந்தேகத்துக்கு என்ன வேலை?

பிரமிடுக் கேள்வி இன்றைக்கு ஒரு கிடங்கில் இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளோட்டத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு என்று விடை சொல்லியிருந்தால், புள்ளிவிவரம் அந்தக் கேள்வியை மெச்சும். கெட்டிக்காரர்களையும் மற்றவர்களையும் கூர்மையாகப் பிரிக்கும் உத்தமமான கேள்வி என்று முத்திரை குத்தி, கடினமான கேள்விகளின் வரிசையில் கொண்டுபோய் வைக்கும். ஒரு நாள் ஒரு பெண் அதற்கு ஐந்து என்று பதில் சொல்வாள். தவறு என்று குறித்துக்கொண்டு, இயந்திரம் அவளுடைய திறமையை ஒரு படி இறக்கி, அடுத்தாற்போல் சற்றுச் சுலபமான கேள்வியைக் கொடுக்கும். கேள்வி சுலபமாக வந்ததைப் பார்த்து, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளும் நம்பிவிடுவாள். எது என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து தவறென்று குறிக்கப்பட்டது தெரிந்தால்தானே, ஐந்துதான் சரி என்று வாதாட முடியும்?

தெரியாத பிழையைப் பற்றி யாரும் மனுக் கொடுக்க முடியாது. மனு வராத தேர்வுக்குத் திருத்தம் தேவைப்படாது. திருத்தமே தேவைப்படாத தேர்வைப் பிழையற்ற தேர்வு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? நம் பிளஸ் டூ விடைத்தாளைத் திருத்துகிறவர்கள் ஆண்டுதோறும் பிழை செய்கிறார்கள், ஆண்டுதோறும் மாட்டிக்கொள்கிறார்கள், ஆண்டுதோறும் சில பிள்ளைகளுக்கு மார்க் கூடுகிறது. இத்தனை காலமாகியும் அவர்கள் முன்னேறாததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.